சீனத் தளபதியின் சமாதியும் பெண்சாதியின் விண்ணப்பமும்

காவல் வேலை என்பது, நாள் முழுவதும் யாரையும் நம்பாமல் இருப்பதற்காக ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பது. வெயில் இல்லை, மழை இல்லை, பாரம் தூக்குவதில்லை. கதிரையில் இருந்துகொண்டு கைகளைப் பார்க்கவேண்டும், மற்றவர்களின் கைகளை. இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. மீன்காரன் மீனைத் தூக்கிக் காட்டினால் அதன் மற்றப் பக்கத்தையும் காட்டு என்று அடம்பிடிக்கிறவன்.

எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கின் வைலே நகரத்தில், பழைய பருத்தி ஆலை ஒன்றின் பெரிய மண்டபத்தில், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சீனத் தளபதி ஒருவரின் சமாதியை அப்படியே கட்டிவைத்தார்கள். மரச்சட்டம் அடித்து, மண் போட்டு, புல் பதித்த ஒரு மேடு. அதைச் சுற்றிக் குதிரை, எருது, புலி என்று கல் மிருகங்கள். உண்மையில் அவை சீனாவில் உள்ள கற்களில் அச்செடுத்து வார்த்த சாந்துப் பொம்மைகள். மேட்டுக்குள்ளே குனிந்து போகும் ஓர் அறை, அதில் ஒரு பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சிறிய செதுக்குக் கற்கள். அந்த இரண்டு மட்டும் அசல் என்று சொன்னார்கள். அகதிகளுக்கு வேலை அனுபவம் வேண்டும் என்று கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஆறு மாதத்துக்கென்று வந்த கண்காட்சிக்குக் கூட்டம் குறையவில்லை, அதனால் ஒன்றரை வருடம் நின்றது. நானும் நின்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே காவலுக்கு நின்றது என் உடம்பு மட்டும்தான். மனம் கொப்பன்ஹேகனில் ஏதோவொரு அரசாங்கக் கந்தோரில், என் பெண்சாதி புவனாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்தின்மேல் குந்திக்கொண்டிருந்தது. கலியாணம் முடித்து எட்டாம் மாதம் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். அகதி என்று ஏற்றுக்கொண்டால் பெண்சாதியைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது. என்னை ஏற்றுக்கொண்டார்கள், நானும் விண்ணப்பம் போட்டேன், அதன் பிறகு ஒரு அசுமாத்தமும் இல்லை. அந்த வருடங்களில் தபால்பெட்டியின் மூடியை ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து பார்த்தவர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தட்டிப் பார்த்தவர்

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இதில் எது அசல்? கிரின்ஸ்டெட் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அதைக்கூடக் கேட்கவில்லை. நேரே குதிரையிடம் போனார். அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஓடவில்லை, பாயவில்லை, சும்மா நிற்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழே தளபதியின் எதிரி ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், கையில் வில்லோடு. நான் ஒரு நிமிடம் மற்றப் பக்கம் திரும்பினேன். டொக், டொக் என்று சத்தம். மனிதர் குதிரையின் வயிற்றில் காதை வைத்துப் பலாப்பழம் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொண்டிருந்தார்.

"தொடக்கூடாது" என்று ஓடினேன். "இது சாந்து" என்றார் அவர். "ஓம், அசல் உள்ளே இருக்கிறது" என்றேன். குனிந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறதே, தட்ட முடியாதே, பிறகு எப்படி நம்புவது என்று கேட்டார். இந்த நாட்டில் என் இனத்து ஆள் ஒருவரைச் சந்தித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீயாவது தொட்டுப் பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். அசல் என்பதற்கு யாராவது ஒரு பத்திரம் காட்டினார்களா என்றார். அதுவும் இல்லை என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்படியென்றால் நீ காவல் காப்பது கல்லை இல்லை, அவர்கள் உனக்குச் சொன்ன கதையை."

ஆழ்ந்த அனுதாபம்

சீனக் குதிரைக்குப் பக்கத்தில் கறுத்த முடியோடு ஒருவன் நின்றால், அவன் குதிரையோடு வந்தவன் என்பது அன்றைய டென்மார்க் சனத்தின் முடிவு. முதல் ஒரு மாதம் நான் இலங்கை, தமிழன் என்று பொறுமையாக விளக்கினேன். பிறகு அலுத்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்து, சீன மொழியில் நன்றிக்கு என்ன சொல் என்று கேட்டுப் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது எங்கள் பக்கத்துச் சந்தையின் பெயர். இருபத்தைந்து பிள்ளைகளும் வாசலில் வரிசையாகத் திரும்பி, குனிந்து, "கொடிகாமம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் வைலேயில் யாராவது ஒரு சீனருக்குக் கொடிகாமம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஒரு நாள் குடையோடு ஒரு மூதாட்டி வந்தார். தளபதி இருபத்துநாலு வயதிலேயே செத்துவிட்டார் என்று கைநூலில் வாசித்திருக்கிறார். நேரே வந்து என் கையைப் பிடித்து, இவ்வளவு இளவயதில், உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று அனுதாபம் சொன்னார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டில் மற்றவர்கள் சுகமா என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, கையில் ஒரு படிவம் இல்லாமல் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பெண்சாதி அங்கே இருக்கிறாள், சண்டை நடக்கிறது, பாதி நாள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் சனத்தோடு சனமாகப் படுக்கிறாள், எப்படியாவது கூப்பிடவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கற்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கண்காட்சி முடிந்து இந்தக் கற்கள் திரும்பிப் போகும்போது, நீங்களும் போய்விடுவீர்கள்தானே?"

கறுப்பு அட்டைப் புத்தகம்

ஒரு காலையில் எருதின் காதில் ஒரு கீறல் இருந்தது. பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மெலிந்த, பதற்றமான மனிதர், ஒரு கையில் எப்போதும் கோப்பிக் கோப்பை இருக்கும். கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தந்து, சந்தேகத்துக்கு இடமாக நடக்கிற எல்லாரையும் இதில் எழுது, நேரம், தோற்றம், செய்த காரியம் ஒன்றும் விடாதே என்றார். என்னிடம் சொல்லவேண்டிய வேலையா இது? சிவப்புத் தொப்பிப் பெண், புலியைப் பார்த்துச் சிரித்தாள், காரணம் தெரியவில்லை. கிழவர், அரை மணி நேரம் ஒன்றையும் பார்க்காமல் வாங்குப் பலகையில் இருந்தார். இரண்டு பேர், ஒன்றாக வந்து தனித்தனியாகப் போனார்கள். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை புத்தகத்தை வாங்கி வாசித்தார். அந்தக் கிழமை முழுவதும் வாசலுக்குள் கால் வைத்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. கடைசியில் புத்தகத்தை மூடி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாதன், செவ்வாய்க்கிழமை கோப்பையோடு எருதின் தலையில் சாய்ந்து நின்றவர் நான்தான், அதற்கு முந்தின கிழமையும் நின்றிருப்பேன், கீறலைப் பற்றி இனிக் கதைக்கவேண்டாம்."

ரத்தினம் அண்ணையின் சட்டம்

மூன்று அறை வீடொன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் ஊரில் குடும்பம், ஐந்து பேரும் விண்ணப்பம் போட்டவர்கள். மூத்தவர் ரத்தினம் அண்ணை, ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அந்த வீட்டுக்கும் அவர்தான் மனேஜர். செத்தவீட்டுக்குப் போனாலும் சுடலைக்குப் போனாலும் தலைக்கு முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அவர் அதைச் சீனத் தளபதிக்கும் நீட்டினார். பின்னேரம் நான் வேலையால் வந்தால் கதவடியில் துவாயோடு நிற்பார். வெளியே பனி கொட்டுகிறது. "அண்ணை, அது வெறும் பெட்டி, உள்ளுக்க ஒண்டுமில்லை" என்பேன். "திறந்து பாத்தனீரோ?" என்பார். "இல்லை." "அப்ப போய் முழுகும்." ஒரு மாரிகாலம் முழுவதும் எனக்குத் தடிமனும் தும்மலும் விட்டபாடில்லை.

எனக்குக் கோபம் முழுக்கில் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால் அவர் ஒரு கணக்குப் பார்த்தார். "இவர் அந்தச் சுடலை வேலைக்குப் போன மாசத்திலயிருந்துதான் எங்கட அஞ்சு பேற்ற கேசும் அசையாமல் நிக்குது" என்றார். யோசித்துப் பார்த்தால் மாதம் சரியாகத்தான் பொருந்தியது. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால்தானோ என்று எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது, ஏனென்றால் ஊரில் புவனாவுக்கு ஒன்று நடந்துவிட்டால் பிறகு என்ன காரணம் கண்டுபிடித்து என்ன பயன்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்து கண்ணால் பாருங்கோ என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டுக்குக் கிட்டப் போகமாட்டேன் என்று மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார். பிறகு மெல்ல மெல்ல நடந்து எருதடிக்கு வந்தார். முன்னங்காலை மடக்கி, தலையைத் தூக்கிப் படுத்திருக்கிற எருது. ரத்தினம் அண்ணையின் கை தானாகக் குவிந்தது. கண்ணை மூடினார். வாய் ஏதோ முணுமுணுத்தது, அவருடைய மூன்று பிள்ளைகளின் பெயர்களும் காதில் விழுந்தன. பிறகு எருதின் காதில் ஏதோ சொல்லக் குனிந்தார். "அண்ணை, தொடாதேங்கோ!" என்று கத்தினேன். கண் திறந்து, எருதைப் பார்த்து, மேட்டைப் பார்த்து, மறுபடி மூக்கில் லேஞ்சியை வைத்தார்: "நாதன், நந்தியெண்டு நினைச்சுக் கும்பிட்டெல்லோ போட்டன், இண்டைக்கு ஆர் முதல் முழுகிறது, நீரோ நானோ?"

தோளில் கிடந்த கை

டிக்கெட் மேசையில் பிர்கிட் என்ற பெண்மணி இருந்தார். அறுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, தலை முழுக்கப் பஞ்சு மாதிரி நரை. எனக்கு நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் கொடுத்த நாளில், குதிரைக்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே புவனாவுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. குதிரையைப் பற்றி ஒரு சொல் இல்லை, கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நிற்பவ யார் என்று ஒரே ஒரு வரி. அப்போதுதான் படத்தை வடிவாகப் பார்த்தேன். வெளிச்சம் அடித்ததில் நரைமுடி பொன்முடியாகி, பிர்கிட் இருபத்தைந்து வயதுப் பெண்ணாக நின்றார்.

அவருக்கு என் அம்மாவின் வயது என்று எழுதியிருக்கலாம். எழுதினேன்தான். ஆனால் எழுதியதோடு விட்டிருக்கவேண்டும். இன்னொரு பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் பிர்கிட்டை வெட்டிவிட்டு, நான் தனியே நிற்கிற பாதியையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த கடிதம் நாலு பக்கம். ஜேர்மனியில் இருக்கிறவர்கள் எல்லாம் ஒரு வருடத்தில் பெண்சாதியைக் கூப்பிட்டுவிட்டார்கள், கிணற்றடியில் சனம் கேட்கிறது, உங்கள் அவர் உண்மையில் விண்ணப்பம் போட்டவரா என்று மாமியே கேட்டுவிட்டா என்று எழுதியிருந்தாள். எழுத்து வழக்கம்போல் உருண்டையாக இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: "ஆளை வெட்டிப்போட்டியள், அவவின்ர கை இன்னும் உங்கட தோளில கிடக்குது, விண்ணப்பம் போட்டது உண்மையெண்டால் ஏன் இந்தக் கத்தரிக்கோல் வேலை?"

நட்பான வணக்கங்கள்

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் ஒருவரையும் விடவில்லை. தபால்காரரைச் சந்தேகித்தேன், அவர் எங்கள் வீட்டுப் பெட்டியை மட்டும் தவறவிடுகிறாரோ என்று. ரத்தினம் அண்ணையைச் சந்தேகித்தேன், என் கடிதத்தை ஒளித்து வைக்கிறாரோ என்று. விண்ணப்பத்தை நிரப்பித் தந்த எஸ்பியர்க் நகரத்துத் தமிழர் ஒருவரைச் சந்தேகித்து, ரயில் ஏறிப் போய், அவரிடம் இருந்த பிரதியைப் பிடுங்கி, புவனாவின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த மனிதர் தேத்தண்ணி தந்து அனுப்பினார். அந்தத் தேத்தண்ணியையும் சந்தேகித்தேன்.

கொப்பன்ஹேகனிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. தடித்த வெள்ளைத் தாள், மேலே அரச முடிச் சின்னம், சுத்தமான தட்டச்சு. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, தயவுசெய்து பொறுமையாக இருக்கவும், நட்பான வணக்கங்களுடன் என்று கையெழுத்து. பிறந்த நாள்முதல் எனக்கு எந்தக் கந்தோரும் நட்பாக வணக்கம் சொன்னதில்லை. அந்தக் கடிதங்களை நான் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். ஒரு நாள் மத்தியானம் பிர்கிட்டிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, மூன்று கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது, இவர் ஏன் என் பெண்சாதி வருவதில் மண் போடுகிறார் என்று. என்றாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கிறேன்: "மூன்று கடிதம், ஒரே வசனம், உன் கோப்பைத் திறந்து பார்த்த ஒருவர் எழுதியிருந்தால் ஒரு சொல்லாவது மாறியிருக்கும், நாதன்."

இல்லாத பெண்சாதி

இதை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் ஒரே கிழமையில் மூன்று தரம் வந்தார். குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பொலிஸ் இல்லாமல் வேறு யார் அப்படி நிற்பார்கள்? மூன்றாம் தரம் கிட்ட வந்து சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். நீங்கள் தமிழரா என்று கேட்டார். ஓம் என்றேன். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறீர்களா, மனைவி எங்கே இருக்கிறார் என்று கேட்டார். குறிப்புப் புத்தகத்தோடு வந்து பெண்சாதியைப் பற்றிக் கேட்கிறவனிடம் உண்மை சொல்லக்கூடாது என்பது, நாங்கள் வந்த நாட்டில் உயிரோடு இருக்கப் படித்த பாடம். "எனக்கு மனைவி இல்லை" என்றேன். தடக்குப்படாமல் என் வாயில் வந்த முதல் டெனிஷ் வசனம் அதுதான். அவர் அதை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிர்கிட் மேசையிலிருந்து கேட்டார், பத்திரிகைக்காரர் உன்னிடம் என்ன கேட்டார், தமிழ்க் குடும்பங்களுக்கு ஏன் பதில் வருவதில்லை என்று எழுதப்போகிறாராமே, உன்னுடைய கதையைச் சொன்னாயா? தளபதியை அப்படியே விட்டுவிட்டு, நீலக் கோட்டோடு மழைக்குள் ஓடினேன். அவர் பஸ் ஏறப்போகிறார். "எனக்கு மனைவி இருக்கிறார்! பெயர் புவனா! யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்!" என்று வீதியில் நின்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு கட்டுரை வந்தபோது அதில் கிரின்ஸ்டெட்டில் இருந்த நாலு பேரின் கதை இருந்தது, என்னுடையது இல்லை. இல்லை என்று நான் சொன்னது எந்தக் கந்தோருக்குப் போய்ச் சேருமோ என்று எத்தனையோ கிழமை நெஞ்சு பதறிக்கொண்டிருந்தேன். ஆனால் அவரைக் குறை சொல்லமாட்டேன். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் கேட்டது நியாயமான கேள்வி: "கால் மணி நேரத்துக்கு முன்னால் இல்லாத மனைவி, இப்போது எங்கிருந்து வந்தார்?"

கை சரி

பிறகு ஒரு நாள் எல்லாம் திடீரென்று அசையத் தொடங்கியது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை, ஏன் அசைந்தது என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி வந்தது. ரத்தினம் அண்ணை அதை என் முழுக்குக்குக் கிடைத்த பலன் என்றார். புவனா வந்து இறங்கினாள். பாதியாகியிருந்தாள். வைலே வரும் வரைக்கும் ரயிலில் யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பசிக்குதோ என்று மூன்று தரம் கேட்டேன். இல்லை என்று மூன்று தரம் சொன்னாள். நான் கற்பனை செய்து வைத்திருந்த வரவேற்பு இதுவல்ல.

கண்காட்சிக்கு அது கடைசி மாதம். அடுத்த திங்கட்கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் உண்மையில் வேலை செய்தேன் என்றாவது கண்ணால் பார்க்கட்டுமே. குதிரையின் முன்னால் வெகுநேரம் நின்றாள். வயிற்றுக்குக் கீழே கிடக்கிறவனையே பார்த்தாள். "அது எதிரி" என்று நான் விளக்கம் கொடுத்தேன். "ஆருக்கு?" என்று கேட்டாள். ஒன்றரை வருடம் அந்தக் கல்லுக்குக் காவல் நின்றவனுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் பார்த்துவிட்டு வந்த வருடங்கள் அப்படி. அவளை டிக்கெட் மேசைக்குக் கூட்டிப்போனேன். பிர்கிட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அழுது, அவளைக் கட்டிப்பிடித்தார். புவனா அவருடைய நரைமுடியைப் பார்த்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து, மோதிரத்தையும் விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தாள்: "கை அதுதான், சரி, மிச்சத்தைப் போகப் போகப் பாப்பம்."

ஜனவரிச் செய்தி

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. தளபதி பெட்டி கட்டிப் போய்விட்டார். நான் தொழிற்சாலைக்கு மாறிவிட்டேன். புவனா முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். கிழவர்களோடு கதைத்துக் கதைத்து அவளுடைய டெனிஷ் என்னுடையதைவிட நல்லாய் வந்துவிட்டது. ஒரு ஜனவரி மாதம் பின்னேரம், அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், தொலைக்காட்சியில் செய்தி. எங்களைப் பற்றித்தான். உங்கள் வீடுகளிலும் அன்றைக்கு அதுவே ஓடியிருக்கும். தமிழர்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை, சட்டத்தில் உரிமை இருந்தும், மேலிடத்திலிருந்தே வேண்டுமென்று ஓரத்தில் போட்டு வைத்தார்களாம். விசாரணை முடிந்து அறிக்கை வந்திருக்கிறது, அதனால் அரசாங்கமே பதவி விலகுகிறதாம். நான் வாயைப் பிளந்தேன். தபால்காரர் முதல் தேத்தண்ணி வரைக்கும் ஒன்றுவிடாமல் சந்தேகித்தவன், நட்பான வணக்கத்தை மட்டும் நெஞ்சில் வைத்துத் திரிந்திருக்கிறேன். அரசாங்கத்தை வாயில் வந்தபடி திட்டத் தொடங்கினேன்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் புவனா சத்தத்தைக் கூட்டினாள். கத்தியை வைத்துவிட்டு, செய்தி முடியும்வரை நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் எனக்கு எதிரே இருந்த கதிரையில் இருந்தாள். "அப்ப நீங்கள் உண்மையாத்தான் போட்டிருக்கிறியள்" என்றாள். பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்காமல் மூன்று வருடம். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. "இவ்வளவு நாளும் நீர் என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேரே பார்த்துச் சொன்னாள்: "நம்பேல்லை, எண்டாலும் வந்தனான்தானே."

சாந்துக் குதிரையைப் பத்திரமாகக் காவல் காத்ததற்கு எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். என்னை நம்பாமலேயே கடல் தாண்டி வந்து எனக்குச் சோறு போட்டவளுக்கு அப்படி ஒன்று வாங்கிக்கொடுக்க எந்தக் கந்தோரில் விண்ணப்பிப்பது, அவர்கள் அதையாவது திறந்து பார்ப்பார்களா என்பதுதான் இன்றுவரை என்னுடைய சந்தேகம்.